காலி சிலிண்டர்

மீன்தொட்டியில் செடிகள் உயிரோடு இருந்தன. அறைக்குள் கால் வைத்ததும் தொட்டிக்காரரை முதலில் உறுத்தியது அதுதான்.

உயிரோடு என்றால், கவனிப்பாரற்ற தொட்டியின் ஓரத்தில் பிடித்திருக்குமே பாசி, அந்த மாதிரி அல்ல. கொத்துக் கொத்தாகச் சிவந்து, இலைக்கு இலை மெருகேறி, புதுப் பணக்காரர் வீட்டுத் திரைச்சீலை போல மடிப்பு மடிப்பாகத் தழைத்திருந்தன. தன் கடையிலிருந்து அவரே விற்ற செடிகள்தான். வேளாவேளைக்குக் கரியமில வாயு ஊட்ட வேண்டும், பகலெல்லாம் விளக்கு எரிய வேண்டும், ஒரு வாரம் முகம் திருப்பினால் கூழாகிவிடும். மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் தேவைப்படாது. இந்த அறையில் வாயு நின்று எட்டு மாதம். விளக்கு எரிந்தும் எட்டு மாதம்.

இன்னொன்றும் இருந்தது. தண்ணீருக்குள் வளரும் செடி மேலே, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நிமிரும். இவை முன்பக்கக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு கீழே தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. தரையில் ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டு.

“யாராவது வந்து பார்த்துக்கறாங்களா அக்கா?” என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டார்.

வியாபாரத்தில் அக்கா என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு. வாயைத் திறந்ததும் அதை எடுத்து வைத்துவிட்டால் பாதிப் பேரம் படிந்த மாதிரி. எத்தனையோ கல்நெஞ்சுகளை அந்த ஒரு சொல்லால் கரைத்தவர் அவர்.

“எனக்கு ஒரே தம்பி. அவனும் போயிட்டான்” என்றாள் அந்த அம்மாள். “நர்ஸம்மான்னு கூப்பிடுங்க. போதும்.”

ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடம் மயக்க மருந்துக் குழாய்களோடு நின்றவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அழுது சண்டை போடுகிறவர்களை அவருக்குச் சமாளிக்கத் தெரியும். கடைசியில் ஒரு டப்பா மீன்தீனியை இலவசமாகக் கையில் கொடுத்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விடுவார்கள். இந்த அம்மாள் அழவில்லை. அதனால் எந்த டப்பாவைத் திறப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அவளுடைய தம்பி இரவு பஸ் டிரைவர். விடிந்து வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக் கருப்புத் திரையை இழுத்துவிட்டு, பகலை இரவாக்கித் தூங்குகிற மனிதர். முதுகுவலிக்காகக் கட்டில் வேண்டாமென்று தரையில்தான் படுப்பார். சிகரெட்டு இல்லை, சீட்டு இல்லை. இந்தத் தொட்டி ஒன்றுதான் சபலம். தொட்டிக்கு அடியில் வைக்கவென்று, கடையில் வெகுநாள் விலைபோகாமல் கிடந்த மர அலமாரி ஒன்றை அவர் தலையில் கட்டியது தொட்டிக்காரர்தான். வீட்டில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் தெரிந்தது, செடிக்கு வாயு ஊட்டுகிற சிலிண்டரை உள்ளே நிமிர்த்தி நிறுத்தினால் அலமாரி இரண்டு விரற்கடை குட்டை. தட்டை அறுத்திருக்கலாம். அலமாரியைத் திருப்பி எடுத்திருக்கலாம். ஆனால் விற்ற சரக்கு கடைக்குத் திரும்புவது வீட்டை விட்டுப்போன மூதேவி திரும்புவது மாதிரி. அவர் பரம்பரையிலேயே யாரும் செய்ததில்லை. சிலிண்டரைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

நிற்கிற சிலிண்டரில் திரவம் அடியில் கிடக்கும், வாயு மட்டும் மேலே ஏறி வரும். படுக்க வைத்தால் திரவமே கழுத்துக்கு வந்து ரெகுலேட்டருக்குள் புகுந்து உறைந்து, அதன் வாயைப் பிளந்துவிடும். அப்புறம் சொட்டுச் சொட்டாக வரவேண்டியது மொத்தமாக வரும். கரியமில வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தரையில் பரவி, தரையிலிருந்துதான் நிரம்பும். டிரைவர் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

விசாரிக்க வந்தவர்களிடம் தொட்டிக்காரர் கண்கலங்கச் சொன்னார்: நான் நிறுத்தித்தான் மாட்டினேன் சார், இடம் போதலைன்னு அவரே படுக்க வெச்சிருப்பாரு, எத்தனை தடவை சொல்லியிருப்பேன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போகிறானா? வழக்கு அதோடு மூடப்பட்டது. அக்கம்பக்கத்தார், பாவம், ஆசைப்பட்டுத் தானே தனக்குக் கொள்ளி வைத்துக்கொண்டான் என்றார்கள்.

முந்தாநாள் நர்ஸம்மா போன் செய்தாள். அலமாரியை அளந்து பார்த்தாளாம். அதில் சிலிண்டர் எந்தக் காலத்திலும் நின்றிருக்க முடியாதாம். சத்தம் போடவில்லை. “ஒரே ஒரு தடவை வந்து, எல்லாத்தையும் முறைப்படி மாட்டிக் கொடுங்க. அதோட நானும் விட்டுடறேன், நீங்களும் விட்டுடலாம்” என்றாள். வாயை மூட இவ்வளவு மலிவாக யாரும் விலை சொல்லி அவர் கேட்டதில்லை. கடையும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும், கம்பி எண்ணுகிற வேலையும் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மாலை மழை பிடித்திருந்தது. அவள் திரைகளை முழுக்கத் தள்ளி, ஜன்னல்களை விரியத் திறந்து, கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள். ஈரக் காற்று தாராளமாக வந்து போனது. தரையோரம் வாயுக்கசிவைக் கண்டால் கத்துகிற சின்னப் பெட்டி ஒன்று, பச்சைக் கண்ணைச் சிமிட்டியபடி இருந்தது. அலமாரியின் தட்டு அறுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து, ரெகுலேட்டர், புது வாஷர், ஸ்பேனர், குழாய், குமிழி எண்ணுகிற சின்னக் கண்ணாடிக் குப்பி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் வரிசையாக, ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த மாதிரி.

“நல்ல ஏற்பாடு” என்றார், பாராட்டு இலவசம்தானே என்று.

“இந்தத் தடவை ஒரு தப்பும் நடக்கக் கூடாது. ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் அப்புறம் அதுமேல பழியப் போட்டுடுவாங்க.”

அவர் பையைக் கதவருகே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சிமெண்டு சூடாக இருந்தது. மழைநாளில், கால்படாத அறையில், அவர் உட்கார்ந்த அந்த ஆள் நீளத்துக்கு மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கை மாதிரி வெதுவெதுப்பு. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூக்கில் டீசல் நெடி லேசாக ஏறியது. கீழே தெருவில் ஏதோ லாரி, என்று தனக்குத்தானே ஒரு காரணத்தை விற்று, தானே வாங்கிக்கொண்டார்.

சிலிண்டரைத் தூக்கினார். தூக்கியதும் தெரிந்துவிட்டது. காலி. தோளில் நசுங்கிய அதே பள்ளம், அதே துருக்கோடு. போலீஸ் திருப்பிக் கொடுத்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள், நிரப்பவே இல்லை. அவருக்குச் சிரிப்பு முட்டியது. காலிப் பானையை அடுப்பேற்றி விருந்து சமைக்கச் சொல்கிறாள், பாவம். சமைத்துவிட்டுப் போகலாம். நமக்கென்ன.

“சிலிண்டர் நிக்கணும்” என்று அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தார்.

“ஏன்?”

சொன்னார். திரவம், கழுத்து, ரெகுலேட்டர் எல்லாம். அவள் பின்னால் நின்று, தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கு நிறுத்தினீங்களா?”

மழைச் சத்தம். மாடிவீட்டில் யாரோ செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்ல” என்றார். அவள் வெளியே சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, இங்கே சொன்னால் நஷ்டம் இல்லை.

சாயாமலிருக்கப் பட்டையால் சுவரோடு கட்டினார். அன்றைக்குக் கட்டினீர்களா? இல்லை. கழுத்தில் புது வாஷர் வைத்தார். அன்றைக்கு? பழசுதான், இன்னொருவர் சிலிண்டரிலிருந்து கழற்றியது. ரெகுலேட்டரை ஸ்பேனரால் முறுக்கினார். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்காமலிருக்க ஒருவழி வால்வைச் செருகினார். அன்றைக்கு? அவர் இருமினார். இருமல் வறட்சியாக, இரண்டு தடவை வேண்டுமென்றும் மூன்றாம் தடவை வேண்டாமலும் வந்தது.

ரெகுலேட்டரில் ஒரு மின்வால்வு உண்டு. கரண்டு இருந்தால்தான் அது திறந்து வாயுவை விடும். கரண்டு நின்றால் தானாக மூடிக்கொள்ளும். கெட்டியான பாதுகாப்பு. அதன் ஒயரை இழுத்து, எதிர்ச் சுவரில், ஜன்னலோரம் இருந்த டைமரில் செருகினார். விளக்குக்கு ஒரு டைமர், வாயுவுக்கு ஒரு டைமர்.

“ராத்திரி செடி வாயு எடுக்காது” என்று கேட்காமலே விளக்கினார். “விட்டுக்கிட்டே இருந்தா தண்ணியில சேர்ந்துபோய் மீன் மூச்சு முட்டும். அதனால விளக்கு அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வாயுவ நிறுத்திடணும்.”

“வெச்சிடுங்க.”

வாயு ராத்திரி எட்டுக்கு நிற்கும்படியும் விளக்கு ஒன்பதுக்கு அணையும்படியும் டைமர்களின் வட்டத்தில் நேரம் குறிக்கிற பற்களை அழுத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தொட்டியில் மீன் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். திரும்பி வந்து அலமாரி முன் உட்கார்ந்தார். அதே இடம். வேறு இடத்தில் உட்கார்ந்தால் கை எட்டாது.

சிலிண்டர் வால்வைக் கால் சுற்று, அப்புறம் அரைச் சுற்று, மெதுவாகத் திறந்தார். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. எதிர்பார்த்ததுதான். மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். கசிந்தால் நுரை பொங்கும். பொங்கவில்லை. கசிய ஏதாவது இருந்தால்தானே. கடைசியாக, ஊசி வால்வு. வாயுவை இழையாகக் கட்டுப்படுத்துகிற சின்னத் திருகு. அதைத் திருகிவிட்டு, முடிஞ்சுது நர்ஸம்மா, வரட்டுமா என்று சொல்வதற்காக மூச்சை விட்டார்.

கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழி ஏறியது.

பார்த்தார். ஏதோ குழாயில் தங்கிய பழைய காற்று. மூச்சை இழுத்துவிட்டார். மூன்று குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் ஏறின. முள் துளி எழுந்து, துளி விழுந்தது. இழுத்தார். குப்பி சும்மா இருந்தது. விட்டார். குமிழிகள்.

மூச்சை அடக்கிக்கொண்டார்.

குப்பி அசையவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மாடியில் செய்தி வாசிக்கிறவர் மழை தொடரும் என்றார். நெஞ்சு எரியத் தொடங்கியது. இன்னும் அடக்கினார். குப்பியும் அடக்கிக்கொண்டு அவரையே பார்த்தது. முடியாமல் விட்டார். பொலபொலவென்று சரம் சரமாக ஏறின.

கசிவு, என்றது மனது. தலை சுற்றுகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. கதவு திறந்திருந்தது. தரையோரப் பெட்டி பச்சைக் கண்ணை நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சோப்பு நுரை அடங்கிக் கிடந்தது. சிலிண்டர் காலி. பழி போட ஒரு இடம்கூட மிச்சம் இல்லை. ஒன்றொன்றாகத் தன் கையாலேயே அடைத்திருந்தார்.

சிலிண்டர் வால்வை மூடினார். கால் சுற்று மூடியதும் தொண்டையில் யாரோ பெருவிரலை வைத்த மாதிரி இறுகியது. அரைச் சுற்று. கண்ணுக்குள் கருப்பு. கை தானாகத் திருப்பித் திறந்தது. வந்தது மூச்சு.

குமிழி. குமிழி. குமிழி.

ரெகுலேட்டரைக் கழற்றினால்? ஸ்பேனரைத் தொட்டார். தொட்டதுமே நெஞ்சுக்குள் ஏதோ மரை கழல்வது மாதிரி இருந்தது. வைத்துவிட்டார்.

கதவுப் பக்கம் தவழ்ந்தார். ஒரு முழம் நகர்ந்ததும் மூச்சு நூலானது. இரண்டு முழத்தில் அறுந்தது. வாசல் விரியத் திறந்து கிடந்தது. மழைக்காற்று முகத்தில் அறைந்தது. அவ்வளவு காற்றில் ஒரு துளியும் உள்ளே போகவில்லை. பின்னால் சறுக்கி அந்த வெதுவெதுப்பில் வந்து விழுந்தார். கதவருகே பைக்குள் போன் அடித்தது. கடையிலிருந்து. அடித்து அடித்து ஓய்ந்தது.

நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவசரமே இல்லை.

“எட்டு மாசமா இந்தத் தரை ஆறவே இல்லை. செடிங்களும் அந்தப் பக்கமே சாயும். நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். மூச்சை விடறான், விடறான், விட்டுக்கிட்டே இருக்கான். உள்ள இழுக்கத்தான் அவனுக்கு எதுவும் இல்லை.”

அவர் பேரம் பேசினார். வேறு எது தெரியும் அவருக்கு? கடையை எழுதித் தருவதாகச் சொன்னார். போலீசில் போய் நான்தான் படுக்க வைத்தேன் என்று சொல்வதாகச் சொன்னார். நாளைக்கே. இன்றைக்கே. இப்போதே. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவதாகச் சொன்னார். சொன்னதாகத்தான் நினைத்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. குப்பிக்குள் குமிழிகள் தடதடவென்று ஏறி, குழாய் வழியே தொட்டிக்குள் போய், சிவந்த இலைகளுக்கு அடியில் புகை மாதிரி விரிந்தன. செடிகள் நடுங்கின. குடிக்கிற நடுக்கம்.

அவள் குனிந்து குப்பியைப் பார்த்தாள். முப்பது வருடம் மயங்கிக் கிடந்தவர்களின் மூச்சை எண்ணிய கண்கள்.

“வேகமா போகுது” என்றாள். “செடிக்கு இவ்வளவு வேண்டாம்.”

ஊசி வால்வை இரண்டு விரலால் பிடித்து, மயிரிழை அளவு மூடினாள். அவர் விலா எலும்புகள் அந்த மயிரிழையை அறிந்தன. இன்னொரு மயிரிழை. இழுத்தால் பாதிதான் வந்தது. குமிழிகள் நிதானத்துக்கு வந்தன. ஒன்று. இடைவெளி. ஒன்று.

“அம்மா” என்று வாயசைத்தார். அதற்கும் ஒரு குமிழி ஏறியது.

“என் தம்பிக்கு யாரும் நேரம் குறிச்சுக் கொடுக்கல” என்றாள். “தூக்கத்துலயே போயிட்டான். உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம்.”

அவர் கண்கள் எதிர்ச் சுவருக்குப் போயின. ஜன்னலோரம். டைமர். அவர் அழுத்திய பற்கள். பிடுங்கவும் கூடாது, பிடுங்கினால் கரண்டு நிற்கும், மின்வால்வு மூடும். மாற்றவும் முடியாது, இரண்டு முழத்துக்கு அப்பால் இருந்தது. மழையில் எங்கோ மின்சாரம் போனாலும் மூடும். கெட்டியான பாதுகாப்பு.

அவள் எழுந்து துணியை மடித்தாள். கிண்ணத்தைக் கழுவினாள். செங்கல் நன்றாக முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தாள். போனாள். படியில் செருப்புச் சத்தம், கீழே கீழே, அப்புறம் குடை விரியும் சத்தம்.

அவர் அசையாமல் படுத்திருந்தார். அசைந்தால் செலவு. மாடியில் தட்டு கழுவினார்கள். ஒரு குழந்தை சிரித்தது. பக்கத்தில், அதே வெதுவெதுப்பில், தோளோடு தோள் ஒட்டி இன்னொருவர் மூச்சை விட்டார். டீசல் வாடை. விட்டார். இழுக்கவில்லை. மறுபடி விட்டார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

வாயு டைமர் ஓடியது. பல் பல்லாக. மெல்லிய கிறுக் சத்தம்.

ஒரு குமிழி.

கிறுக்.

ஒரு குமிழி.

டக்.

குப்பியில் பாதி ஏறிய குமிழி அங்கேயே நின்றது. தொட்டிக்கு மேலே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அது அணைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.